யார் விழித்திருக்க, யார் தூங்குவது?

ரிம்வேர்ல்ட் என்றொரு கணினி விளையாட்டு. டைனன் சில்வெஸ்டர் என்பவர் உருவாக்கியது. 2013இல் சோதனை வடிவிலும் 2018இல் முழு வடிவிலும் வெளிவந்தது. விண்கலம் உடைந்து எங்கோ ஒரு கோளில் வந்து விழுந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு குடியிருப்பை உண்டாக்குவதுதான் ஆட்டம். விதைக்க வேண்டும், சமைக்க வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும், காயத்துக்குக் கட்டுப் போட வேண்டும். ஆட்டக்காரர் இதில் ஒரு பாத்திரமாக வருவதில்லை. மேலே இருந்து பார்த்துக்கொண்டு, யாருக்கு எந்த வேலை முதலில் என்று வரிசைப்படுத்துகிறவர் அவர். இந்த ஆட்டத்தில் தூக்கம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கும்போது, நம் வீடுகளில் தூக்கம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஆட்டத்தில் ஒவ்வொரு குடியேறிக்கும் சில தேவைகள் உண்டு. உணவு ஒன்று, பொழுதுபோக்கு ஒன்று, ஓய்வு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பட்டை. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓய்வுப் பட்டை இறங்கிக்கொண்டே வரும். 28 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஆள் களைத்தவர். 14க்குக் கீழே போனால் மிகவும் களைத்தவர். அடிமட்டத்தைத் தொட்டால் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்து தூங்கிவிடுவார். நாளின் 24 மணி நேரமும் ஒவ்வொருவருக்கும் 24 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டங்களில் ஆட்டக்காரர் வேலை, பொழுதுபோக்கு, தூக்கம் என்று நிறம் தீட்டலாம். எதுவும் செய்யாமல் விட்டால் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை தூக்கம். வெறுந்தரையில் படுத்தால் பட்டை மெதுவாக ஏறும். கட்டிலில் படுத்தால் வேகமாக ஏறும். நல்ல தச்சர் செய்த கட்டில் என்றால் இன்னும் வேகம்.

இதில் என்னை நிறுத்திய நுணுக்கம் ஒன்று உண்டு. ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நடமாடினால், 'தூக்கம் கலைந்தது' என்று தூங்குகிறவரின் மனநிலைப் பட்டியலில் ஒரு குறிப்பு ஏறிவிடும். தரையில் படுத்தது, குளிரில் படுத்தது, வெக்கையில் படுத்தது, திறந்தவெளியில் படுத்தது எல்லாவற்றுக்கும் இப்படித் தனித்தனிக் குறிப்புகள். இவை சேர்ந்து மனநிலை சரிந்தால் அந்த ஆள் உடைந்துபோவார். வேலையை விட்டுவிட்டு இலக்கின்றி அலைவார், அல்லது கண்ணில் பட்டவரோடு சண்டைக்குப் போவார். நிர்வகிப்பவர் வேறு வழியில்லாமல் தனியறையும் நல்ல கட்டிலும் அமைத்துத் தருவார்.

இதை முதலில் பாராட்டிவிடலாம். அந்தக் குடியிருப்பில் ஓய்வு என்பது எல்லா உடலுக்கும் உண்டான தேவை. ஆண் குடியேறிக்கும் பெண் குடியேறிக்கும் பட்டை ஒரே வேகத்தில்தான் இறங்குகிறது. பெண் பகலில் படுத்தால் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்று சொல்ல அங்கே யாருமில்லை. தன் தூக்கம் கலைந்ததை அந்தக் குடியேறி யாரிடமும் முறையிட வேண்டியதில்லை. அது தானாகவே பதிவாகிறது. கலைந்த தூக்கம் ஒரு பாதிப்பு, அதற்கு விளைவு உண்டு என்பதை அந்த ஆட்டத்தின் விதிகள் ஒப்புக்கொள்கின்றன.

ஆனால் அந்தப் பட்டையைப் பார்ப்பது யார், எதற்காகப் பார்க்கிறார் என்று கேட்டால் காட்சி மாறிவிடும். பார்ப்பவர் நிர்வாகி. தூங்காதவர் சுவரைக் கோணலாகக் கட்டுவார், அறுவடையைத் தவறவிடுவார் என்பதற்காகவே அவர் பார்க்கிறார். இதன் உச்சம் விளையாட்டின் பிற்காலச் சேர்க்கைகளில் வருகிறது. தூங்க வேண்டிய தேவையையே நீக்கிவிடும் ஒரு கருவியைக் குடியேறியின் மூளையில் பொருத்தலாம். விலையாக அவரது உணர்வுநிலை நிரந்தரமாகக் கொஞ்சம் மங்கிவிடும். அதற்கும் பின்னால் வந்த சேர்க்கையில் 'ஒருபோதும் தூங்காத' மரபணுவே உண்டு. தூங்காத தொழிலாளி என்பது முதலாளியின் பழைய கனவு. 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாளைப் பற்றிய நீண்ட அத்தியாயத்தில் மார்க்ஸ், உடல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தேவையான உறக்கத்தையே மூலதனம் எப்படிக் கொறித்துத் தின்கிறது என்று 1867இலேயே எழுதிவிட்டார்.

இந்தக் கண் நமக்குப் புதிதல்ல. ராஜபாளையம், திண்டுக்கல், கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்', 'கேம்ப் கூலி' என்ற பெயர்களில் இளம்பெண்களைச் சேர்த்தபோது, அவர்கள் படுக்கும் இடமும் ஆலை வளாகத்துக்குள்ளேயே இருந்தது. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். வேலைக்கு ஆள் குறைந்தால் விடுதியில் படுத்திருப்பவளை எழுப்பிக் கூட்டிப்போகலாம். படுக்கை முதலாளியின் சுவருக்குள் இருந்தால் தூக்கமும் அவர் கைக்கு எட்டும் சரக்காகிவிடுகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு, அடுப்பும் பாத்திரமும் போக, மீதி 12 மணி நேரத்தில் தூக்கத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது அந்த நாட்களில் அதிகம் பேசப்படாத கணக்கு.

சட்டம் பெண்ணின் இரவைப் பற்றி நிறையவே கவலைப்பட்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அந்தத் தடை சமத்துவத்துக்கு எதிரானது என்று 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. தடை இருக்க வேண்டும் என்றவர்களும் போக வேண்டும் என்றவர்களும் கூலிக்குச் செய்யும் இரவு வேலையைப் பற்றியே பேசினார்கள். கூலியில்லாமல் வீட்டில் செய்யும் இரவு வேலைக்கு எந்தக் காலத்திலும் தடை இருந்ததில்லை. அதற்கு நேரமும் குறிக்கப்பட்டதில்லை.

எண்களைப் பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. 2024 கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிட்டார்கள்; ஆண்கள் 88 நிமிடம். இந்த எண் மேடைகளில் அடிக்கடி வரும். அதே கணக்கெடுப்பில் யாரும் எடுத்துச் சொல்லாத இன்னொரு எண் உண்டு. தூக்கம், சாப்பாடு, குளியல் எல்லாம் சேர்ந்த 'தன் பராமரிப்பு' என்ற தலைப்பில் ஆண்களுக்கு 710 நிமிடம், பெண்களுக்கு 706 நிமிடம். நான்கே நிமிட வித்தியாசம். அப்புறம் என்ன குறை உங்களுக்கு என்று எவரும் கேட்கலாம். தூக்கத்தைத் தனியாகப் பிரித்து எடுத்தாலும் பெரிய இடைவெளி இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். பெண்கள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்ற வழக்கமான புகாரை நான் முன்வைக்கப் போவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை, அரை மணிநேரக் கட்டங்களாகப் பிரித்து, இந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். ஒரு கட்டத்துக்குள் 10 நிமிடத்துக்குக் குறைவாகச் செய்த காரியம் கட்டத்தில் ஏறாது. குழந்தை சிணுங்குகிறது, தட்டிக் கொடுக்கிறாள்: நான்கு நிமிடம். மாமனார் ஒன்றுக்குப் போக எழுகிறார், விளக்கைப் போட்டுக் கையைப் பிடிக்கிறாள்: ஆறு நிமிடம். தண்ணீர் முறை வைத்து வரும் தெருவில் குழாய் சீறும் சத்தம் கேட்கிறது, எழுந்து குடத்தை வைத்துவிட்டு வருகிறாள்: மூன்று நிமிடம். ஓர் இரவில் இப்படி நான்கு முறை எழுந்தவளும் ஒரே மூச்சாகத் தூங்கி எழுந்தவரும் படிவத்தில் ஒரேபோல்தான் இருப்பார்கள். இருவர் கட்டத்திலும் எழுதப்படுவது 'தூக்கம்'தான்.

உடலுக்கு அது ஒன்றல்ல. தூக்கம் சுற்றுச் சுற்றாக நடப்பது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். லேசான உறக்கத்தில் தொடங்கி, ஆழத்துக்குப் போய், கனவு நிலைக்கு வந்து, மறுபடி தொடங்கும். நடுவில் எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மேலிருந்து இறங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்குக் கோழித்தூக்கம் என்று பேர். ஒரு காது திறந்தே இருக்கும் தூக்கம். பிள்ளை பெற்ற வீட்டில் பெண் கோழித்தூக்கம்தான் தூங்க வேண்டும் என்பது சொல்லாமலே படிந்துவிட்ட விதி. அடித்துப்போட்டதுபோல் தூங்குகிற ஆணைப் பார்த்து, பாவம், உழைத்த களைப்பு என்போம். அப்படித் தூங்குகிற தாயைப் பார்த்து, இவள் எல்லாம் ஒரு தாயா என்போம்.

ஆக, நேர அளவைவிட உடைபடும் தன்மையில்தான் அநீதி இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் யாருடைய தூக்கத்தைக் கேட்காமல் கலைக்கலாம், யாருடைய தூக்கத்துக்காகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிறோம் என்று பார்த்தால், அந்த வீட்டின் அதிகார வரிசை தெரிந்துவிடும்.

தமிழ் இலக்கணம் இதை வெகு காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் பாடாண் திணையின் துறைகளாகக் கண்படை நிலையும் துயிலெடை நிலையும் வருகின்றன. அரசன் கண்ணுறங்குவதைப் பாடுவது முதலாவது. உறங்கும் அரசனைச் சூதர்கள் புகழ்ந்து பாடி எழுப்புவது இரண்டாவது. அதிகாரம் உள்ளவரைத் தட்டி எழுப்ப முடியாது. இசையோடுதான் எழுப்ப வேண்டும். பின்னால் இதுவே இறைவனுக்குப் பள்ளியெழுச்சியாயிற்று. சிவன் கோயில்களில் இன்றும் இரவில் பள்ளியறைப் பூசை, விடியலில் திருவனந்தல். சங்கரநாராயணருக்கும் படுக்கும் நேரம், எழும் நேரம் உண்டு. நடுவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

பெண் விழித்திருப்பதையும் நம் இலக்கியம் அறியும். குறுந்தொகையின் ஆறாம் பாட்டில் பதுமனாரின் தலைவி, நள்ளிரவில் உலகமே உறங்க, தான் ஒருத்தி மட்டும் உறங்காததைச் சொல்கிறாள். 28ஆம் பாட்டில் ஔவையாரின் தலைவி, தன் நோய் அறியாமல் உறங்கும் ஊர்மீது கோபம் கொள்கிறாள். வகுப்பில் இந்தப் பாடல்களை நடத்தும்போதெல்லாம் பெண்ணின் தூக்கமின்மைக்குக் காரணம் காதல் என்றே விளக்கம் சொல்லி முடித்துவிடுகிறோம். உழைப்பால் விழித்திருந்த பெண்ணும் சங்கப் பாட்டில் இருக்கிறாள். புறநானூற்றின் 326ஆம் பாட்டு, தங்கால் பொற்கொல்லனார் பாடியது. இரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சி ஒரு பேடைக்கோழி நடுங்குகிறது. பஞ்சிலிருந்து தூசு தும்பு நீக்க எழுந்த பருத்திப் பெண்ணின் சிறிய விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அது அமைதியடைகிறது. ஊர் வர்ணனையின் போக்கில் வந்து போய்விடும் பெண் அவள். பாட்டு வேறொருவனின் வீரத்தைப் பற்றியது. ஆனால் அந்த ஊரின் இரவில் அச்சம் தணிவது இவள் விழித்திருப்பதால்தான். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் சங்கரன்கோவில் தெருக்களில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே தார் சுற்றும் பெண்ணைப் பார்க்கும்போது எனக்கு அந்த விளக்குதான் நினைவுக்கு வரும்.

அந்தப் பாட்டு காட்டும் உண்மையை ரிம்வேர்ல்ட் தவறவிடுகிறது. ஆட்டத்தில் ஓய்வு ஒவ்வொருவருக்கும் உள்ளே இருக்கும் தனித்தனிப் பட்டை. ஒருவர் பட்டைக்கும் இன்னொருவர் பட்டைக்கும் தொடர்பில்லை. வாழ்க்கையில் தூக்கம் அப்படித் தனியே நிரம்புவதில்லை. தூங்குகிற உடல்தான் உலகிலேயே பாதுகாப்பற்ற உடல். ஒருவர் நிம்மதியாகக் கண்ணை மூட, இன்னொருவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கைக்குழந்தை தூங்கத் தாய் விழிக்கிறாள். நோயாளி தூங்கச் செவிலி விழிக்கிறாள். நாம் காலையில் தலையில் வைக்கும் மல்லிகை, விடியுமுன் மொட்டாகவே பறிக்கப்பட வேண்டும். சங்கரன்கோவில் பூச்சந்தைக்குக் கூடை வந்து சேர, சுற்றுவட்டக் கிராமங்களில் யாரோ ஒருத்தி இருட்டில் எழுந்து தோட்டத்தில் நிற்கிறாள். ஒருவர் பட்டை இன்னொருவர் பட்டையிலிருந்து நிரப்பப்படுகிறது. நடுத்தர வர்க்கப் பெண்களான நம்முடைய தூக்கமும் வேறு பெண்களின் விழிப்பில் கொஞ்சம் கடன்பட்டதுதான்.

நம் கதைசொல்லிகளுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரிந்திருந்தது. இராமனும் சீதையும் உறங்க இலக்குவன் இரவெல்லாம் இமைக்காமல் காவல் நின்றதைக் கம்பனில் குகன் பரதனிடம் சொல்கிறான். தெலுங்குப் பெண்களின் பாடல் மரபு அந்த விழிப்புக்கு ஈடான கணக்கை எழுதியது. அங்கே இலக்குவன் வனவாசத்தில் விழித்திருக்கும் 14 ஆண்டுகளும் ஊர்மிளை அயோத்தியில் தூங்குகிறாள். ஒருவர் விழித்தால் இன்னொருவர் தூங்கியாக வேண்டும் என்று பாடிய பெண்கள் உணர்ந்திருக்கிறார்கள். அந்தக் கற்பனையில் ஒரு வேதனையும் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு 14 ஆண்டு தொடர்ந்து உறங்கக் கிடைத்தபோதுகூட, அது அவள் கணவன் கணக்கில் வந்த தூக்கமாகவே இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிம்வேர்ல்டில் எல்லாக் குடியேறிகளும் தூங்கும்போது விழித்திருப்பது யார்? ஆட்டக்காரர். யாருக்குப் பசி, யாருக்குக் காய்ச்சல், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று எல்லாப் பட்டைகளையும் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அவருடையது. அவருக்குத் திரையில் பட்டை கிடையாது. களைத்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அதுவரை அந்த உலகம் அசையாமல் காத்திருக்கும்.

வீட்டில் அந்த இடம் பெண்ணுக்குத் தரப்பட்டிருக்கிறது. கேஸ் எப்போது தீரும், மகளுக்கு என்று பரீட்சை, அத்தைக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, நாளைக்கு மாவு இருக்கிறதா என்று எல்லோருடைய பட்டையையும் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். ஆனால் அவள் வெளியே உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரி மட்டுமல்ல. ஆட்டத்துக்குள் வெட்டவும் நெய்யவும் சமைக்கவும் செய்கிற குடியேறியும் அவளே. நிறுத்தும் பொத்தான் அவளிடம் இல்லை. அவளுடைய பட்டையைப் பார்க்கும் கண் அந்த வீட்டில் வேறு எவருக்கும் இல்லை. படுத்த பிறகும் அவளுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். தூங்குவது என்றால் கவனிக்கும் பொறுப்பிலிருந்து இறங்குவது. இறங்கினால் அந்த இடத்தில் ஏறி நிற்க ஆள் வேண்டும். ஆள் இல்லையென்று அவள் உடலுக்குத் தெரிந்திருக்கிறது.

உரிமை என்ற சொல்லை இங்கே கொண்டுவரலாமா? கொண்டுவந்திருக்கிறார்கள். 2011 ஜூன் 4ஆம் தேதி நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காவல்துறை கலைத்தது. அந்த வழக்கில் 2012 பிப்ரவரி 23 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நிம்மதியாகத் தூங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. தமிழ்நாட்டில் 2021இல், கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பு, உட்காருவது ஓர் உரிமை என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். தூக்கமும் அப்படித்தான். அரசு நம்மை எழுப்பினால் நீதிமன்றம் கேட்கும். நம் சமையலறையும் தொட்டிலும் எழுப்பினால் எந்த நீதிமன்றமும் கேட்காது. அங்கே அறம்தான் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும், அதுவும் பெண்களிடமிருந்தே வரும். 'பெத்த பிள்ளைக்கு முழிச்சதையெல்லாம் கணக்குப் பாப்பாங்களா தாயி?' என்று எங்கள் ஊர் ஆச்சிமார் கேட்பார்கள். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ள நான் விரும்பவில்லை. பசித்த குழந்தை நள்ளிரவில் அழுவதற்கு முழு உரிமை உண்டு. அதற்கு யாரும் விலைப்பட்டியல் எழுத முடியாது. அந்த அழைப்புக்கு எழுவதில் ஓர் இன்பமும் இருக்கிறது என்று சொல்லும் பெண்களை நான் நம்புகிறேன். ஆனால் குழந்தைக்கு ஒருவர் எழுந்தாக வேண்டும் என்பதிலிருந்து, எப்போதும் இவள்தான் எழ வேண்டும் என்பது எப்படிப் பிறக்கிறது? முதலாவது உயிரின் தேவை. இரண்டாவது வீட்டின் ஏற்பாடு. அன்பு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிடுகிறோம். முலைப்பால் கொடுப்பது தவிர, தட்டிக் கொடுக்கவும் துணி மாற்றவும் தோளில் போட்டு நடக்கவும் எந்தக் கைக்கும் முடியும். அழைப்புகளிலும் வேறுபாடு உண்டு. குழந்தையின் அழுகை காத்திருக்க முடியாதது. தன் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாத நாற்பது வயது ஆண் விடியும்வரை காத்திருக்கலாம்.

இரவு விழிப்பைப் பங்கிடுவது நமக்குத் தெரியாத கலையும் அல்ல. குளத்துப் பாசனத்தில் தண்ணீர் குறையும்போது எங்கள் வட்டாரத்தில் முறை வைப்பார்கள். இந்த இரவு இவர் வயலுக்கு, அடுத்த இரவு அவர் வயலுக்கு. மண்வெட்டியும் விளக்குமாக ஆள் மாற்றி ஆள் விழித்திருந்து மடை திருப்பினார்கள். நீர்ப்பாய்ச்சிக்கு ஊர் சேர்ந்து நெல் அளந்தது. அதை யாரும் அன்பு என்றோ தியாகம் என்றோ அழைக்கவில்லை, முறை என்றார்கள். விழிப்பு களைப்பு தரும் வேலை, ஒருவர் மீதே அதைப் போட முடியாது, போட்டால் ஈடு தர வேண்டும் என்ற மூன்றும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கின்றன. வயலுக்குத் தெரிந்த இந்த நியாயம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, அவ்வளவுதான்.

உடல்நலத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், நன்றாகத் தூங்கினால் நன்றாக உழைப்பாள் என்ற நிர்வாகியின் வாதத்துக்குத்தான் போய்ச் சேருவோம். உடையாத தூக்கத்தில் ஒருத்தி யாருக்காகவும் இல்லாமல் இருக்கிறாள். யாருடைய மனைவியாகவும் தாயாகவும் மருமகளாகவும் இல்லாத ஒரே இடம் அது. ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல், அப்போது மதராசிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளிவந்தது. கதைசொல்லி தன் அறையில் சாய்வு நாற்காலியில் இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றி யோசித்தபடி கண்ணசருகிறாள். ஆண்கள் உள்ளறைகளில் இருக்க, பெண்கள் நாட்டை ஆள, வேலைநேரம் நாளுக்கு இரண்டே மணியாக இருக்கும் ஒரு நாட்டுக்குப் போகிறாள். யாரும் எழுப்பாத சிறிது நேரம் கிடைத்ததால் வேறோர் உலகம் அவளுக்குத் தென்பட்டது. எத்தனை பெண்களின் எத்தனை கனவுகள் பாதியில், ஒரு தம்ளர் தண்ணீருக்காகக் கலைக்கப்பட்டிருக்கும்?

என் மாணவிகளிடம் நான் கேட்க நினைப்பது சிறிய காரியம். ஏழு இரவுகளுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள் என்று எழுத வேண்டாம்; அதைக் கணக்கெடுப்பே எழுதிவிடும். உங்கள் வீட்டில் யார் யாரை எழுப்பினார்கள், எதற்கு, அது விடியும்வரை காத்திருக்க முடியாததா, அப்போது எழுந்திருக்கக் கூடியவர் வேறு யார் வீட்டில் இருந்தார் என்று நான்கு பத்திகள் போடுங்கள். அம்மாவுக்கும் மதினிக்கும் சேர்த்து எழுதுங்கள். ஐந்தாவதாக ஒரு பத்தியும் இருக்கட்டும். இன்று நான் கலையாமல் தூங்க யார் விழித்திருந்தார் என்பதற்கான பத்தி அது. அதில் ஒவ்வோர் இரவும் ஒரே பெயர் வந்துகொண்டிருந்தால், எட்டாம் நாள் இரவு முறை யாருடையது என்று வீட்டில் பேசத் தொடங்கலாம்.